சாலமோனின் சுயமதிப்பீடு

நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதன் மறுபடியும் பரீட்சை எழுத உட்கார்ந்தால் அதற்குப் பின்னால் ஓர் அவமானம் இருக்கும். புதுவாயல் சாலமோனுக்கும் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக அவர் உலைப் பகுதிக்கு ஷிப்ட் சூப்பர்வைசர். இரும்பு பழுத்துவிட்டதா என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை, பட்டத்தோடு வந்து அசிஸ்டண்ட் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த இருபத்தேழு வயதுப் பையன், "சாலமோன், இங்க வாங்க" என்று கூப்பிட்டான். அண்ணே இல்லை, சார் இல்லை. வெறும் சாலமோன்.

அன்றைக்கே தீர்மானித்தார், எம்.பி.ஏ. படிப்பதென்று. அதுவும் சாதாரண எம்.பி.ஏ. இல்லை. பிசினஸ் ஸ்ட்ராடஜி அண்டு ஆர்கனைசேஷனல் லீடர்ஷிப். பெயரை ஒரே மூச்சில் சொல்லவே அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். ஜூனுக்குள் பட்டத்தைக் காட்டினால் அந்த நாற்காலி உங்களுக்குத்தான் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். பாக்கி இருந்தது ஒரே பேப்பர், லீடர்ஷிப்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். படித்தது சாலமோன், டைப் அடித்தது அவர் மனைவி சுகிர்தா. உலையோடு பழகிய அவர் விரல் ஓர் எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்தும் துணைக்கு வரும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த சுகிர்தா, "ரெண்டே வருஷம்தாம்மே, எனக்கோசரம் நின்னுடு" என்று இவர் கேட்டதற்காக வேலையை விட்டாள். நாலு செமஸ்டர் பாடமும் அவள் விரல் வழியாகத்தான் காலேஜுக்குப் போனது. போகிற வழியில் கொஞ்சம் அவள் தலையிலும் தங்கியது. அதை சாலமோன் கவனிக்கவில்லை.

கடைசிப் பேப்பருக்குப் பரீட்சை கிடையாது. முந்நூற்று அறுபது டிகிரி மதிப்பீடு என்று ஒன்றைக் கேட்டார்கள். சாலமோன் முதலில் தன் பகுதியில் வேலை செய்யும் லோகுவிடம் போனார்.

"இன்னாண்ணா, முன்னூத்தி அறுபதா? அது ரெண்டாவது ஃபர்னஸ்ல வெக்கிற சூடாச்சே."

"சூடு இல்லடா. மேல கீறவரு, பக்கத்துல கீறவரு, கீழ கீறவரு, அல்லாரும் என்னப் பத்தி மார்க் போடணும். நீ கீழ."

"யாரு எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப உண்மைய எழுதலாம்."

போனஸ் அறிவித்த அன்றைக்குக்கூட லோகுவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை சாலமோன் பார்த்ததில்லை. அந்த யோசனையை அங்கேயே கைவிட்டார்.

வீட்டுக்கு வந்து, காலேஜ் ஃபாரத்தில் 'கீழ் பணிபுரிபவர்' என்ற கட்டத்தில், தன் சொந்த விரலால், எழுத்துப் பிழையோடு, மனைவியின் பெயரைப் போட்டார். சுகிர்தா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் போன் ஒலித்தது.

"இன்னாங்க, 'திரு. சாலமோனின் கீழ் பணிபுரியும் தங்களுக்கு'ன்னு மெசேஜ் வந்துகீது."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"கீழயா?"

"மேல மேனேஜரு. பக்கத்துல அடுத்த ஷிப்ட்டு சூப்பர்வைசரு. காலியா இருந்தது கீழதான்."

"பக்கத்துல ஒரு ஆளுக்குதான் எடமா?"

சாலமோன் நெத்திலியின் விலையை விசாரித்தார்.

அவள் மார்க் போட்டால் என்ன போடுவாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐந்து எங்கேயும் வரவில்லை. மறுநாள் அவள் சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போனாள். போன் சார்ஜில் இருந்தது. சாலமோன் அதை எடுத்து அவளாகவே மாறினார். நேர்மை, ஐந்துக்கு ஐந்து. பிறர் சொல்வதைக் கேட்டல், ஐந்து. பொறுமை, ஐந்து. கீழே கருத்து எழுதச் சொல்லியிருந்தது. 'இப்படி ஒரு தலைவரின் கீழ் பணிபுரிய நான் பாக்கியம் செய்தவள்' என்று எழுதி அனுப்பிவிட்டு மெசேஜை அழித்தார். அனுப்பியதன் நகல் ஒன்று அவளுடைய மெயிலுக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியாது. உலை வேலையில் அந்த வழக்கம் கிடையாது.

மிச்சம் இருந்தது அவரே தன்னைப் பற்றி எழுத வேண்டிய சுயமதிப்பீடு. புதன்கிழமை ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது அதையும் சுகிர்தாவிடம் விட்டார்.

"நீயே எழுதி அனுப்பிடும்மே."

"இன்னா எழுதறது?"

"என்னப் பத்திதான். உனக்குத் தெரியாததா?"

"உள்ளத அப்படியே எழுதிடட்டுங்களா?"

"உள்ளததான் எழுதணும்," என்றார் சாலமோன், மிகவும் பெருந்தன்மையாக.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். சாலமோன் மேலே டை, கீழே லுங்கி. பேராசிரியை ஜோதிலட்சுமி திரையில் வந்தார்.

"சாலமோன் சார், பதினாறு வருஷமா இந்தப் பேப்பர் நடத்தறேன். எல்லாரும் தனக்குத் தானே அஞ்சு போட்டுக்குவாங்க. அடுத்தவங்க ரெண்டு போடுவாங்க. உங்களுக்கு அடுத்தவங்க நாலு, அஞ்சுன்னு போட்டிருக்காங்க. நீங்க உங்களுக்கு ஒண்ணு போட்டிருக்கீங்க."

சாலமோன் டையைத் தளர்த்தினார்.

"கொஞ்சம் படிக்கிறேன். 'முடிவெடுக்கும் முன் உடன் இருப்பவர்களைக் கேட்க மாட்டேன். வேப்பம்பட்டில் மனை பார்க்கப் போய்விட்டு, ஞானஸ்நான விருந்துக்குப் போனதாக வீட்டில் சொன்னேன்.' இவ்வளவு வெளிப்படையா யார் சார் எழுதுவாங்க?"

அடுப்படியில் தாளிக்கும் சத்தம் கேட்டது. அது பாட்டுக்கு நிதானமாகக் கேட்டது.

"'என் மகள் ஷைனி பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்று கேட்டால் முழிப்பேன்.' அடுத்தது முக்கியம். 'எனக்குக் கீழ் பணிபுரிபவர் என் படிப்புக்காக, தான் ஆசைப்பட்ட வேலையை இரண்டு வருஷம் விட்டுவிட்டார். நன்றி என்ற வார்த்தையை இதுவரை நான் சொன்னதில்லை.'"

இவ்வளவு தெரிந்தவளுக்குப் போன் விஷயம் தெரியாமலா இருக்கும், அடுத்த வரி அதுதான் என்று சாலமோன் கண்ணை மூடிக்கொண்டார். அது வந்தால் பட்டம் போச்சு, நாற்காலி போச்சு. வரவில்லை.

"மாற்றத் திட்டமும் எழுதியிருக்கீங்க. திங்கள்கிழமையிலேருந்து அவர் வெளியில எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல லைன் லீடரா சேர நீங்களே வழி பண்றீங்க, அவர் வேலையையும் நீங்களே பாத்துக்கறீங்க. அருமை. ஒரே ஒரு கேள்வி. இதெல்லாம் நீங்க எழுதினதுதானே?"

இல்லை என்றால் ஃபெயில். ஆமாம் என்றால் திங்கள்கிழமை. இத்தனை வருஷம் உலைக்கு முன்னால் நின்றபோது வராத வியர்வை அப்போது வந்தது.

"ஆமா மேடம்."

"பாஸ். முதல் வகுப்பு."

சாலமோன் அடுப்படிக்குப் போனார். சந்தோஷம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் முகம் சுளித்து அவர் பார்த்ததில்லை. பார்த்தால்தானே தெரியும்.

"போன் விசயத்த மட்டும் ஏன் எழுதல?"

"எழுதினா பட்டம் வராது. நாளைக்கு இன்னொரு பையன் வந்து உங்கள மொட்டையா பேரு சொல்லி கூப்புடுவான். அது எனக்கு இஷ்டம் இல்ல."

நன்றி என்ற அந்த வார்த்தையை சாலமோன் ஒருவழியாகச் சொன்னார். அவள் காதில் வாங்கிக்கொண்டு கடாயை இறக்கினாள்.

"அந்த வேலை எப்ப வந்துச்சு?"

"பத்து நாளாச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"ஸ்ட்ராடஜி பேப்பர்ல நீங்கதான படிச்சி சொன்னீங்க. எதிராளி ஒத்துக்கினப்புறம்தான் திட்டத்த வெளில சொல்லணும்னு. நான் ரெண்டு வாட்டி டைப் அடிச்சேன்."

திங்கள்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஹைவேயில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சுகிர்தா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே குக்கர் கத்தியது, ஷைனி சீருடை எங்கே என்று கேட்டாள், மோட்டார் போட்டால் தண்ணீர் வரவில்லை. சாலமோன் கரண்டியோடு ஓடி வந்தார்.

"சுகிர்தா, இப்ப எத மொதல்ல பாக்கறது?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "லீடர்ஷிப்ல முதல் வகுப்பு வாங்கின ஆளு, பிளஸ் டூ மட்டும் படிச்ச எங்கிட்ட வந்து கேக்கறீங்களே."