மூன்று ஏக்கர் துப்பாக்கி

துப்பாக்கி வாங்குவது என்ற முடிவை சிங்காரவேலு ஒரு புளியமரத்தின் மேலே உட்கார்ந்துகொண்டுதான் எடுத்தார். கீழே ஒரு காட்டுப்பன்றி நின்றுகொண்டிருந்தது. பெரிய முடிவுகளை எடுக்க அதைவிடத் தோதான இடம் அமையாது.

செஞ்சிக் கடைத்தெருவில் ஆணி, கயிறு, வாளி, எலிப்பொறி விற்கிற கடை அவருடையது. வல்லத்தில் மூன்று ஏக்கர் கொல்லை உண்டு. அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நன்றாகப் பிடித்திருந்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று போனவரைத்தான் பன்றி வரவேற்றது. பன்றியாவது போகட்டும், வாயில்லாத ஜீவன். களையெடுத்துக்கொண்டிருந்த மீனம்பாளுக்கும் வசந்தாவுக்கும் வாய் இருந்தது. மீனம்பாள் களைக்கொத்தைத் தூக்கிக் காட்டி ‘சூ’ என்றதும் பன்றி போய்விட்டது. சிங்காரவேலு அதற்குப் பிறகும் கால் மணி நேரம் மேலேயே இருந்தார்.

அவர் செஞ்சிக்கு வந்து இறங்குவதற்குள், ‘புளியமரத்து மொதலாளி’ என்கிற பெயர் முந்தின பஸ்ஸிலேயே வந்து சேர்ந்திருந்தது. நாலணாவுக்கு ஆணி வாங்குகிறவன்கூட, “மரம் ஏற கயிறு இருக்குதா மொதலாளி?” என்று கேட்டுவிட்டுத்தான் போனான். இருபது வருஷமாகக் கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்த மனிதருக்கு இது தாங்குமா? தோளில் துப்பாக்கியோடு கடைத்தெருவில் ஒரு தடவை நடக்க வேண்டும். ஒரே தடவை. அந்தப் பெயர் தானாக உதிர்ந்துவிடும்.

“வேதம், நான் துப்பாக்கி வாங்கப் போறேன்.”

மனைவி வேதநாயகி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“யார சுட?”

“பன்னிய.”

“பன்னி உங்கள இன்னா பண்ணிச்சு? மரத்தத்தான காட்டிச்சு.”

சிங்காரவேலு இதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

“சீனாக்காரன் வந்துட்டுப் போனான். போன வருசம் பாகிஸ்தான் சண்ட. இன்னமும் சர்க்கார் கையில மட்டும் துப்பாக்கி இருந்தா எப்பிடி? சாதாரண குடிமகன் கையிலயும் இருக்கணும். அதுதான் குடியரசு. நம்ம கோட்டைய பாரு, எத்தினி பீரங்கி.”

“அத்தினி இருந்தும் வுட்டுட்டுப் போயிட்டாங்களே.”

“ஒரு ஆத்திரம் அவசரம்னா இன்னா செய்வ?”

“அதுக்குத்தான் போலீசு இருக்குது.”

“போலீசு வந்து பன்னிக்கு வாரண்ட் குடுக்குமா?”

வேதநாயகி முறத்தைக் கீழே வைத்தாள். இப்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

“கோவம் வந்தா கையில இன்னா இருக்குதுன்னு நீங்க பாக்கறதில்ல. போன மாசம் காப்பியில சக்கர கொறைஞ்சுதுன்னு சொம்ப வீசினீங்க. சொம்பு நசுங்கிச்சு, சொவுரு பேந்துச்சு. அன்னிக்கு கையில துப்பாக்கி இருந்திருந்தா? ஊருல இருக்கற ஆம்பளைங்க எல்லாம் உங்கள மாதிரிதான். வூட்டுக்கு ஒண்ணு குடுத்து பாருங்க. பன்னிங்க பத்திரமா இருக்கும். பொஞ்சாதிங்கதான் மரம் ஏறணும்.”

சிங்காரவேலுவுக்குச் சுருக்கென்றது. சொம்பு விஷயத்தில் அவருக்கு உள்ளூர வெட்கம் உண்டு. அதை வாயால் ஒப்புக்கொள்கிற வழக்கம் மட்டும் அவர்கள் பரம்பரையில் இல்லை.

“அப்ப மல்லாட்டைய பன்னியே தின்னுட்டுப் போவட்டுமா?”

வேதநாயகி முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். மல்லாட்டைக்காக அவளும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தாள்.

“கொல்லைக்குத் துப்பாக்கி வேணும்தான்” என்றாள் மெதுவாக. “ஆனா—”

அந்த ‘ஆனா’வைக் கேட்க அவர் நிற்கவில்லை. ஜெயித்தாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

பக்கத்துக் கடை சைபுதீனுடையது, ஜவுளி வியாபாரம். தொண்டூரில் அவர் மாமாவிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருந்ததால் விவரம் தெரிந்தவர்.

“பயிர்க் காவலுக்குன்னு கேட்டா சுளுவா கெடைக்கும்ணே. கொல்லையோட பட்டாவ மனுவோட வெக்கணும். பட்டா யார் பேர்ல இருக்குதோ அவுங்களுக்குத்தான் லைசென்ஸு.”

சிக்கல் அங்கேதான் இருந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால், முப்பது ஏக்கருக்கு மேல் வைத்திருந்தால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று சட்டம் வந்ததல்லவா? அப்போது ஜில்லாவிலேயே அதிகமாகப் பயந்தவர், மூன்று ஏக்கர் வைத்திருந்த நம் சிங்காரவேலுதான். யார் சொல்லியும் கேட்காமல் ராவோடு ராவாகப் பத்திரம் எழுதி, மொத்தக் கொல்லையையும் மனைவி பேருக்கு மாற்றிவிட்டு, மறுநாள் சர்க்காரையே ஏமாற்றிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பட்டா வேதம் பேர்ல இருக்குது பாய்.”

“அப்ப அண்ணிதான் மனு போடணும்.”

ஒரு நிமிஷம்தான் முகம் தொங்கியது. உடனே தெளிந்துவிட்டார்.

“போட்டா இன்னா? பேருதான அவுளுது. ரேசன் கார்டு எம்பேர்ல இருக்குது, சோறு நானா ஆக்கறேன்? அந்த மாதிரிதான்.”

அன்று சாயங்காலமே கடலூர் கலெக்டருக்கு மனைவி பேரில் மனு எழுத உட்கார்ந்தார். வேதநாயகி மறு பேச்சே பேசவில்லை. சர்க்கரை தூக்கலாகக் காப்பிகூடக் கொண்டுவந்து வைத்தாள். மனு ஜோராக ஓடியது. சாதாரணக் குடிமக்கள் ஆயுதம் வைத்திருப்பதே சுதந்திர நாட்டுக்கு அழகு என்றும், இதில் ஆண், பெண் என்ற பேதம் கூடவே கூடாது என்றும் நாலு பக்கம் எழுதித் தள்ளினார்.

“ஒரு வரி சேத்துக்குங்க” என்றாள் வேதநாயகி. “துப்பாக்கி கண்டவங்க கையில போவாதுன்னு. ஆபீசருங்களுக்கு அது புடிக்கும்.”

“பலே. உனக்கும் மூள வேல செய்யுது.”

‘இத்துப்பாக்கியை என்னைத் தவிர, என் வீட்டார் உள்பட, வேறெவரும் தொட விடமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்’ என்று எழுதினார். எழுதியதைச் சத்தமாக இரண்டு தடவை படித்து ரசித்தார். மூன்றாவது தடவை அவள் படிக்கச் சொன்னாள். பிறகு முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் வீட்டுக்கே வந்தார். துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள், சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டதற்கெல்லாம் வேதநாயகி பதறாமல் பதில் சொன்னாள். இன்ஸ்பெக்டர் அடுத்து வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?” என்றார். சிங்காரவேலு எழுந்து நின்று, நாலு பக்க மனுவையும் மனப்பாடமாக ஒப்பித்தார். இன்ஸ்பெக்டர் அத்தனையையும் குறித்துக்கொண்டார்.

வேதநாயகி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். வீட்டில் நல்ல சொம்பு நாலு இருந்தது. அவள் கொண்டுவந்தது நசுங்கிய சொம்பு.

“இது ஏன் இப்படி ஆச்சு?”

வேதநாயகி கணவரைப் பார்த்தாள். பிறகு காரை பெயர்ந்த சுவரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரும் அதே வரிசையில் பார்த்துவிட்டு, இன்னொரு வரி எழுதிக்கொண்டார்.

லைசென்ஸ் வந்தது. வேதநாயகி தன் தம்பியோடு விழுப்புரம் போய்த் துப்பாக்கி வாங்கிக்கொண்டு பகல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சரிகை வேட்டி கட்டிக்கொண்டு சிங்காரவேலு காத்திருந்தார். கடைத்தெருவில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். கூட்டியவரும் அவர்தான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனார்.

சைபுதீன் வேதநாயகியிடம் லைசென்ஸை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். “அண்ணே, தொட்டுடாதீங்க” என்று கத்தினார். “லைசென்ஸ்காரவங்களத் தவிர வேற யார் தொட்டாலும் கேஸு. வூட்டுக்காரர்னு தனியா வேற எழுதி, அடியில கோடு போட்டிருக்குது.”

வேதநாயகி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூடையைக் கணவர் கையில் கொடுத்தாள். தோளில் துப்பாக்கியோடு கடைத்தெருவில் நடப்பது என்ற அவர் திட்டம் அப்படியே நிறைவேறியது. நடந்தது அவள். அவர் கூடையோடு பின்னால் போனார்.

அந்த வாரமே வேதநாயகி கொல்லைக்குப் போய் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தாள். பன்றிகள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. துப்பாக்கி பீரோவுக்குள் போயிற்று. சாவி அவள் இடுப்புக்குப் போயிற்று. சிங்காரவேலு கோதண்டராமனிடம் ஓடினார்.

“லைசென்ஸ்ல கடைசியா ஒரு கட்டம் இருக்கும் பாருங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “லைசென்ஸ்தாரருக்காகத் துப்பாக்கி தூக்குற காவலாள் பேரு. அதுல உங்க பேரைச் சேர்க்கச் சொல்லி அம்மா எழுதிக் குடுத்தா நீங்க தாராளமா தூக்கலாம்.”

தன் கொல்லைக்குத் தானே காவலாளா? வழியெல்லாம் சிங்காரவேலுவுக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் துப்பாக்கி துப்பாக்கிதான். வீட்டுக்கு வந்தபோது வேதநாயகி கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“வேதம், அந்த லைசென்ஸ்ல ஒரு கட்டம்...”

“காவலாள்தான? பாத்தேன்.”

“எம்பேர எழுதிடறியா?”

“சும்மா எழுதிட முடியுமா? கலெக்டருக்கு உறுதி குடுத்திருக்கறேன். மொதல்ல நீங்க எனக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. உங்க நடத்தைக்கு ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்.”

சிங்காரவேலுவுக்கு உயிர் வந்தது. “ரெண்டு பேரு இன்னா, இருவது பேரு போடுவாங்க. சைபுதீன் பாய் இருக்கறாரு, கடைத்தெருவுல யாரக் கேட்டாலும்—”

“கடைத்தெரு ஆளுங்க வேணாம். நீங்க பன்னிய எதிர்த்து நின்னத நேர்ல பாத்தவங்கதான் போடணும்” என்றாள் வேதநாயகி. “வல்லத்துக்குப் போயி, மீனம்பாள் கிட்டயும் வசந்தா கிட்டயும் வாங்கிட்டு வாங்க.”