பாலத்தடியில் நிற்கும் டியூப்காரர்

குழாய்த் தண்ணீருக்குப் பத்து நாள் காத்துக் கிடக்கும் திண்டுக்கல்லில், வெள்ளத்துக்குத் தயாராக இருக்கும் ஒரே மனிதர் எங்கள் தெரு டியூப்காரர்தான். பஞ்சர் கடை அவருடையது. பழைய லாரி டியூப்பை ஒட்டி மிதவையாக்குவார். ஒட்டாததை அறுத்துக் கயிறாகத் திரிப்பார். இடுப்புப் பையில் விசில், மெழுகில் முக்கிய தீக்குச்சி, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம். யார் வீட்டுக்குப் போனாலும், "கேஸ் கசிஞ்சா மொதல்ல எதத் தொறப்பீக?" என்பார். தப்பாகச் சொன்னால் அவருக்குப் போட்ட காபி ஆறும் வரை பாடம் நடக்கும். கல்யாணத்துக்கு மொய்யாக ஒரு வாளி மணல் கொடுத்த ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

நான் அஞ்சாம் வகுப்பு தாண்டாதவன். வெங்காய மூட்டை தூக்கி, மூன்று மாடி கட்டினேன். புதுவீட்டு விருந்துக்கு அவர் அறுபது அடிக் கயிறு கொண்டுவந்து, மாடியில் கட்டி வைக்கச் சொன்னார். நான் மைக்கைப் பிடித்து, "குடி வர்றதுக்கு முந்தியே தப்பிச்சு ஓடச் சொல்றாருய்யா" என்றேன். பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மழை இறங்கினால் கடையைச் சாத்திவிட்டு, எரியோடு ஊருக்குப் போகும் வழியில் ரயில் பாலத்தடிக்கு இரண்டு டியூப்போடு ஓடுவார். அங்கே தேங்கும் தண்ணீரில் வண்டிகள் இறங்காமல் மறிப்பார்.

போன ஐப்பசியில் நானும் மனைவி ஆரோக்கியமும் புதுக் காரில் அந்தப் பக்கம் வந்தோம். கொட்டுகிற மழையில் விசிலடித்தபடி குறுக்கே வந்தார். ஆரோக்கியமும் வேண்டாம் என்றாள். "என் வண்டி உசரம் தெரியுமாய்யா?" என்று ஹாரனடித்து, காரைத் தண்ணீரில் இறக்கினேன்.

நட்டநடுவில் நின்றுபோனது. கதவு திறக்கவில்லை, கண்ணாடி இறங்கவில்லை, தண்ணீர் சீட்டுக்கு ஏறிவிட்டது. டியூப்காரர் நீந்தி வந்து சுத்தியலை ஓங்கினார். அந்த நேரத்தில் நான் கத்தியது இதுதான்: "கண்ணாடிய ஒடச்சிராதய்யா, புதுசு."

உடைத்தார். டியூப்பை ஜன்னலோடு அணைத்துப் பிடித்து, "மதினிய மொதல்ல அனுப்புங்கண்ணே" என்றார்.

மூட்டை தூக்கிய தோளால் அவளைத் தள்ளிவிட்டு, நான் ஏறினேன். என்னைக் கரையில் விட்டுவிட்டுத் திரும்பவும் நீந்திப் போய், கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து அவளை மீட்டு வந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு கூடிய கூட்டம் எப்படித் தப்பித்தோம் என்று கேட்டது. அவர்தான், பல் கிடுகிடுக்கச் சொன்னார்: "அண்ணன் உள்ள நின்னு மதினியத் தூக்கி விட்டாரு. இல்லாட்டி நான் ஒத்த ஆளா என்னத்தப் பண்ண?"

ஆரோக்கியம் சேலையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

மறு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அவர். வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியம் அந்தத் துணியை மடித்து என் கையில் வைத்தாள். அத்தனை கனத்தை நான் எந்த மூட்டையிலும் தூக்கியதில்லை.

பொறுக்காமல் பஞ்சர் கடைக்குப் போய், ஏன் பொய் சொன்னீர் என்று கேட்டேன். டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே சொன்னார்: "முங்குறப்ப கை தன்னால எதையாச்சும் புடிக்கும்ணே. அத வெளிய சொன்னா நீங்க தெருவுல நடக்க வேணாமா?"

இதையெல்லாம் எழுதி ஆரோக்கியத்திடம் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "தோளால இல்ல. முழங்கையால" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் மழை இருட்டினால் பாலத்தடியில் இரண்டு பேர் நிற்கிறோம். வண்டிகளை மறிப்பது அவர். அவர் நனையாமல் குடை பிடிப்பது நான்.