திராட்சை போட்டது நானில்லை

யாவுகோ,
டிசம்பரில், கரண்ட் இருக்கும் ஒரு பிற்பகல்.

பெருமதிப்பிற்குரிய எனெய்தா அத்தைக்கு,

உங்கள் தம்பி எலியாசரின் ஒரே மகள் யாரெலிஸ் தலை குனிந்து ஆசீர்வாதம் கேட்டு எழுதுவது. நம் வீட்டு எண்ணைப் பார்த்தாலே நீங்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தாளையும் கவிழ்ப்பீர்கள் என்று தெரிந்து பின்பக்கமும் எழுதியிருக்கிறேன். ஆர்லாண்டோவில் தாங்களும் தங்கள் முழங்காலும் நலம்தானே. இங்கே அப்பா நலம், அம்மா நலம், நான் மட்டும் நலமில்லை. வாழைக்காய்ப் பால் பட்டு என் பத்து விரலும் கறுத்துவிட்டன. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னை மெக்கானிக் என்று நினைத்து வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இலையில் கட்டி வேகவைக்கிற நம்ம பாஸ்தேல் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூட வேலைக்காக நான் கேட்டது உங்களுக்கு மறந்திருக்காது. இலையில் சுற்றக் கற்றுக்கொடுத்தது நம் தீவின் பழைய குடிகள், கிழங்கை மாவாக்கியது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கைகள், பன்றியை இறக்கியது ஸ்பானியர்கள் என்று டீச்சர் மூன்றே வரியில் முடித்திருந்தார். நம் வீட்டில் அது மூன்று மணி நேரம் போனது. வாழைக்காய், கிழங்கு, பன்றிக்கறி, சிவப்பு எண்ணெய், அதுதான் மலைக்காரன் பாஸ்தேல், நீங்கள் போடுகிற காய்ந்த திராட்சை கப்பலில் வந்த சரக்கு என்று அப்பா சொல்ல, நீங்கள் நிமிராமலே, "பன்னியும் கப்பல்லதான்டா வந்துச்சு. அத மட்டும் எப்படி முழுங்குற?" என்று கேட்டீர்கள். இனிமேல் இந்த வீட்டு இலைக்குள் திராட்சை நுழையாது என்றார் அப்பா. அப்படியானால் நானும் நுழையவில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். கேள்வி கேட்ட எனக்கு அந்தப் பாடத்தில் சி கிரேடு கிடைத்தது.

இந்த வருடம் நீங்கள் இல்லாமல் வேலை ஆரம்பித்தோம். அம்மா இலை வாட்ட, நான் துருவ, அப்பா மாவைப் பரப்பிக் கறி வைத்து மடிக்க, கட்டுகிற இடம் காலி. நூல் கட்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று அப்பாவே உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். பாதி துருவும்போது கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டது, மீதி வாழைக்காயைக் கையால் துருவச் சொல்லி என் தலையில் கட்டினார்கள், அதில் என் விரல் முட்டித் தோலும் கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம், அதை யாரிடமும் சொல்லவில்லை, அதற்குள் அப்பா இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய முதல் ஜோடிகள் கொதிக்கிற தண்ணீரில் நூலை உதறிவிட்டுத் தனித்தனியாக நீந்தப் போய்விட்டன, அம்மா பானையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு சூப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மீதியைக் கட்டி ஃப்ரீசரில் அடுக்கினோம். இதுவரைக்கும் யார் மேலும் தப்பில்லை, அத்தை. இதற்குப் பிறகுதான் எல்லாம் என் மேல்.

எதிர்வீட்டுப் பெரியவர் தோன் எர்மினியோவுக்கு வருடாவருடம் கொடுக்கிற ஜோடியை அப்பா ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சாயங்காலமே அந்த மனிதர் தட்டோடு வந்து கேட்டில் நின்றார். வீட்டுக்குள் திருடன் நுழைந்ததைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி, "எலியாசர், உன் பாஸ்தேல்ல திராட்சை இருக்குப்பா" என்றார். தெருவே நின்று கேட்டது. அப்பா முகம் எண்ணெயை விடச் சிவந்தது. பிறகு எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். போன வருடம் ஓர் இலைக்குள் பிளாஸ்டிக் பல்லியை வைத்தது நான்தான். ஒத்துக்கொள்கிறேன், கலைப்படைப்பு அது. ஆனால் பல்லி வேறு, திராட்சை வேறு. அம்மா ஃப்ரீசரைக் கிளறியபோது அதேமாதிரி இன்னும் சில ஜோடிகள் அகப்பட்டன. எல்லாவற்றிலும் இரட்டை முடிச்சு, திராட்சை போட்டதற்கு அடையாளமாக நீங்கள் போடுவீர்களே, அதே முடிச்சு. "எங்கக்கா முடிச்சையே போட்டு ஏமாத்தப் பாக்குறியா?" என்று அப்பா கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்க்காமல் பானையைப் பார்த்தார். கோபம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு இதுதான். அடுத்த ஈடு முழுவதையும் நானே துருவ வேண்டும். வீடு வீடாகப் பாடப் போகிற கூட்டத்தில் இந்த வருடம் நான் கிடையாது. என் தாளம் இல்லாமல் அவர்கள் ஏதோ இறுதி ஊர்வலம் மாதிரித்தான் போவார்கள். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், அத்தை. நீங்கள் இங்கே வர வேண்டாம், அப்பாவோடு பேசக்கூட வேண்டாம். "யாரெலிஸ் இதைச் செய்யவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். திராட்சை சுருக்கம் விழுந்த வயதான பழம். பெரியவர்களை இலைக்குள் கட்டி வெந்நீரில் போடுகிற ஆள் நானில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் முழங்காலுக்கும் அதைத் தாங்கி நிற்கும் உங்களுக்கும் கடவுள் துணை இருக்கட்டும். உங்கள் பூனைக்கு என் அன்பு, அது வாங்கிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

களைத்துப்போன நிரபராதி,
யாரெலிஸ்

பின்குறிப்பு: ஸ்டாம்ப் தேடிச் சமையலறைக்குப் போனேன். அம்மா கடைக்குப் போயிருந்தார். அப்பா மட்டும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, நான் துருவிய மாவின்மேல் ஒவ்வொரு திராட்சையாக விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மறைக்கப் பார்த்தார், மடி நிறைய உருண்டுவிட்டது. என்னப்பா இது என்றேன். "உங்க அத்தை வந்தா எதத் திம்பா?" என்றார். அத்தைதான் வரமாட்டேன்னு சொல்லிட்டாங்களே என்றேன். "வரலைன்னா வரல. அதுக்காக அவளுக்கு எடுத்து வைக்காம இருக்க முடியுமா?" என்றார். அவசரத்தில் எர்மினியோவுக்குக் கட்டு மாறிப் போய்விட்டதாம். சரி, பழியை ஏன் என் மேல் போட்டீர்கள் என்று கேட்டேன். நூலைச் சுற்றிக்கொண்டே, "உன் பேரச் சொன்னாத்தான் எல்லாரும் நம்புறாங்க" என்றார்.

ஆகவே மேலே எழுதியது அனைத்தும் ரத்து. திராட்சை போட்டது நான்தான். யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள், அப்பா கேட்டாலும். ஒரு வரியெல்லாம் எழுத வேண்டாம், பேசாமல் டிக்கெட் எடுங்கள். முடிச்சைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள், அவருக்கு அவ்வளவுதான் வருகிறது. அவிழ்க்க முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், கத்தி என்னிடம் இருக்கிறது.