காரணம் சொல்ல வேண்டியதில்லை

யாருக்கும் எதையும் சும்மா தரக்கூடாது என்பது என் கொள்கை. இருபத்தாறு வருடமாக அதை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் ஸ்டோர்கீப்பர். பஞ்சு, கையுறை, பேனா, பல்பு, எது வேண்டுமென்றாலும் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து மஞ்சள் தாளில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தாலும், "எதுக்கு?" என்று வாயால் ஒரு தடவை கேட்பேன். அதனால் அங்கே எனக்கு 'எதுக்கு' என்றே பெயர். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி வாசலில் நின்று, "எதுக்கு இருக்காரு?" என்று யாரிடமோ விசாரித்தாள். என்னைத் தேடினாளா, என்னால் என்ன பிரயோஜனம் என்று கேட்டாளா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அப்பேர்ப்பட்ட என் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு நாள் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. நகரசபை சீட்டுக் குலுக்கி நான்கு தெருக்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, அதில் எங்கள் தெருவும் ஒன்று. வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் ஒரே தொகை. வேலைக்குப் போனாலும் உண்டு, போகாவிட்டாலும் உண்டு. பணக்காரனுக்கும் உண்டு, பரம ஏழைக்கும் உண்டு. 'அனைவருக்கும் அடிப்படை வருமானம்' என்று பெயர். ஒரு வருடம் நடத்திப் பார்த்து, நன்மை தீமைகளை விசாரித்து, அதன் பிறகு நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்களாம். இதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசி வரியைத்தான் பொறுக்க முடியவில்லை: 'இந்தத் தொகையைப் பெறவோ செலவழிக்கவோ எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை.'

இதை எனக்கென்றே அச்சடித்தார்கள் என்று தோன்றியது. அன்றே சபதம் எடுத்தேன். இந்தத் திட்டத்தை ஒழிக்காமல் விடுவதில்லை.

எதிர் ஃபிளாட்டு பஸ் டிரைவரைப் படிக்கட்டில் நிறுத்தி, இனி ஊரே வேலையை விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும் என்று எச்சரித்தேன். "படுக்கணும் சார். முட்டி ரொம்ப வலிக்குது" என்றார். என் மனைவி நோட்டீஸை இரண்டு தடவை படித்துவிட்டு, நாலாக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு நடைமுறையைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். சம்பளம் என்னிடம். சமையல் சாமான் வாங்கிப் போடுவது நான். அதற்கு மேல் ஒரு ஊசி வேண்டுமென்றாலும் அவள் சாயங்காலம் ஏழு மணிக்கு, நான் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, எதிரில் வந்து கேட்க வேண்டும். நான் "எதுக்கு?" என்பேன். அவள் காரணம் சொல்வாள்.

அந்தக் காரணங்கள் இருக்கிறதே, அடடா. ஒரு குடை வாங்குவதற்கு அவள் சொன்னது மூன்று நாள் ஓடியது. பழைய குடை காற்றில் பறந்துபோய் ஒரு பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்துகொண்டதாம். இவள் அடுத்த பஸ்ஸில் ஏறித் துரத்தினாளாம். கடைசி நிறுத்தத்தில் போய்ப் பார்த்தால், குடை முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டதாம். குடை எப்படி இறங்கும் என்று கேட்டேன். அதை விளக்க இன்னொரு நாள் ஆயிற்று. செருப்பு வேண்டுமென்றால், ஒரு நாய் இடது கால் செருப்பை மட்டும் தூக்கிப் போயிருக்கும். மறுநாள் அதற்கே மனசு கேட்காமல் வேறு யாருடைய செருப்பையோ கொண்டுவந்து வைத்திருக்கும். அவளுடைய ஒரு பெரியப்பாவுக்கு நான்கு தடவை கண் ஆபரேஷன் நடந்தது. அவருக்கு மொத்தம் எத்தனை கண் என்று கேட்டேன். டாக்டருக்கும் அதே சந்தேகம்தான் என்றாள்.

எல்லாம் பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது. நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு குறுக்குக் கேள்வி கேட்பேன். கடைசியில் கேட்டதில் பாதி கொடுப்பேன். ஆபீஸில் மற்றவர்கள் வேலை முடிந்ததும் எங்கெங்கோ போவார்கள். நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்துவிடுவேன். அவளிடம் இதைச் சொன்னதே இல்லை. ரொம்ப நன்றாகச் சொல்கிறாய் என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? சொல்லவில்லை.

பணம் வர ஆரம்பித்தது. அன்று ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. ஒரு மாதம் போயிற்று. செலவு மிச்சம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாவது மாதம், "ஏதாவது வேணுமா?" என்று நானே கேட்டேன். வேண்டாம் என்றாள். மூன்றாவது மாதம் கதவோரத்தில் ஒரு புதுக் குடை நின்றது. ஆசையை அடக்கிக்கொண்டு, பழசு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பழசாயிடுச்சு" என்றாள். அவ்வளவுதான். பஸ் இல்லை, காற்று இல்லை, ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவில் என் ஜோசியங்களும் ஒவ்வொன்றாகப் பொய்த்தன. பஸ் டிரைவர் மூன்று மாதம் லீவு போட்டார். பார்த்தீர்களா சோம்பேறித்தனத்தை என்று கொக்கரித்தேன். அவர் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு, திரும்ப வேலைக்குப் போய், இப்போது என்னைவிட வேகமாகப் படி ஏறுகிறார். நான் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் பலித்தது. எல்லார் கையிலும் காசு புழங்குகிறது என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். வெற்றி வீரனாக உள்ளே வந்து மனைவியிடம் அறிவித்தேன். அவள் அலமாரியைத் திறந்து, ஏற்றின வாடகையைத் தன் பங்காக எடுத்து மேசைமேல் வைத்தாள். எதுக்கு என்று கேட்கக்கூட வாய்ப்பில்லை. பணம் கைக்கு வந்து மனிதன் அழுதான் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கிட்டத்தட்ட அழுதேன்.

பிறகு சூழ்ச்சியில் இறங்கினேன். புதுக் குடையை எடுத்துப் பரண்மேல் ஒளித்தேன். கதை வரும் என்று காத்திருந்தேன். இன்னொரு குடைதான் வந்தது. இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கி வைத்தேன். மறுநாள் ரிப்பேர் ஆகி ஜம்மென்று சூடாகியது. கடைசியில் ஒரு நாள் மானத்தை விட்டு, ஒரு நோட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"எதுக்கு?" என்றாள்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. வாழ்நாளில் என்னை யாரும் கேட்டதில்லை. தடுமாறிப்போய், என் ஆபீஸ் நண்பனின் நாய் ஒன்று பஸ்ஸில் ஏறி, கண் ஆபரேஷனுக்கு என்று ஏதோ உளறினேன். அரை நிமிடம் பொறுமையாகக் கேட்டாள். "உங்களுக்குச் சுத்தமா வரலைங்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாகச் சலவை அறை இருக்கிறது. நான்கு வாஷிங் மெஷின், சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. இரண்டு பேருக்குத் தினமும் எவ்வளவு துணி சேரும்? சந்தேகம் வந்து பின்னாலேயே போனேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே பஸ் டிரைவர், அவர் மனைவி, மருந்துக்கடைக்காரம்மா, கட்டடக் காவலாளி எல்லாரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி மெஷின்மேல் சாய்ந்து நின்று குடைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அதே கதைதான். ஆனால் இப்போது அதில் ஒரு புதுப் பாத்திரம். ஒரு வரி சொல்வாள், உடனே முகத்தை உம்மென்று வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எதுக்கு?" என்பாள். பெஞ்சே குலுங்கியது. காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே சிரிப்பு முட்டியது. சிரித்தால் மாட்டிக்கொள்வேன் என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மேலே வந்து இருட்டில் உட்கார்ந்தேன். அவள் எனக்கென்று சொல்கிறாள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் பணத்துக்காகச் சொன்னதாம். சும்மா சொல்வதென்றால் ஊருக்கே சொல்கிறாள், எனக்கு மட்டும் சொல்வதில்லை. அன்றைக்கு என் சபதம் நிஜமாகவே சபதமாகியது. பணம் நின்றால் அவள் மறுபடி ஏழு மணிக்கு என் எதிரில் வந்து நிற்பாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சிறுபுத்தி என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

வருடம் முடிந்தது. சனிக்கிழமை விசாரணை அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார்களாம். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம்.

நான் தீமைகளை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதி வைத்தேன். சோம்பல், விலைவாசி, ஒழுக்கக் கேடு, பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவு. வெள்ளிக்கிழமை என் மனைவி அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"இதுல ஒண்ணுகூட நம்பற மாதிரி இல்லைங்க. வர்ற அதிகாரி ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க."

"அப்ப என்ன சொல்றது?"

"மனசுல நிஜமா என்ன குறையோ, அதை மட்டும் சொல்லுங்க. அது ஒண்ணுதான் உங்களுக்குச் சொல்ல வரும்."

"நீ?"

"நானும் உண்மையைத்தான் சொல்லப்போறேன்."

அவள் குரல் இறங்கியிருந்தது. அவளுக்கும் அந்தச் சாயங்காலங்கள் நினைவிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடியும் கனமான பையுமாக ஒரு அம்மாள். முதலில் சமையலறையில் என் மனைவியோடு பேசினார். பிறகு ஹாலுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குடை, நாய், பெரியப்பாவின் நான்கு கண், ஒன்று விடவில்லை. "முன்னெல்லாம் தினம் சாயங்காலம் எங்கிட்ட கதை சொல்லுவா. இந்தப் பணம் வந்ததுலேருந்து சொல்றதில்லை. இதுதாங்க தீமை. வேற எதுவும் எனக்குத் தெரியலை" என்று முடிக்கும்போது என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். என் தாளையும் அவள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆச்சரியமா இருக்கு சார். நாலு தெருவிலும் இவ்வளவு ஒத்துப்போன வீடு இதுதான். உங்க மனைவியும் இதையேதான் சொன்னாங்க."

மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. அவளுமா என்று கேட்டேன். அதிகாரி தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் அவரிடம் கதை சொல்ல வேண்டியதில்லை.' நன்மைகள் என்ற தலைப்பின் கீழ், முதல் வரி.

நான் சொன்னது தீமை என்று வாதாடிப் பார்த்தேன். விளைவு நிஜமா என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாம். நன்மையா தீமையா என்பதைப் பணம் யாருக்கு அதிகம் உதவியதோ அவரிடம்தான் கேட்பார்களாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். போகும்போதே வாசலில் சொல்லிவிட்டார்: விசாரிக்க வேண்டிய கடைசி வீடு எங்களுடையதுதானாம், திட்டம் இன்னும் மூன்று வருடம் நீள்கிறதாம்.

அதிகாரி போனதும் மனைவியிடம் போய் நின்றேன். திட்டலாம் என்றுதான் போனேன். வாயில் வந்தது வேறு. "அவ்வளவு கஷ்டமாவா இருந்தது?" என்று கேட்டேன்.

அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காரணம் கேக்காம குடுத்திருந்தா, அன்னிக்கெல்லாம் சும்மாவே உக்காந்து பேசியிருப்பேங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

மணி ஏழாயிற்று. துணிக்கூடையை எடுத்தவள் வாசலில் நின்று திரும்பினாள். "வர்றதானா வாங்க. கதவுக்குப் பின்னாடி நின்னு வாயைப் பொத்திக்கிட்டுக் கேக்க வேண்டாம், உள்ள வந்து உக்காருங்க."

கூடையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பெஞ்சில் பஸ் டிரைவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அன்றைக்குப் புதுக் கதை. ஒரு ஊரில் ஒரு ஆள், பெண்டாட்டிக்கு வருகிற பணத்தை நிறுத்துவதற்கு அதிகாரியை வரவழைத்துத் தானே சாட்சி சொல்லி அதை மூன்று வருடம் நீட்டித்துக் கொடுத்தானாம். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் இரண்டு இடம் உண்மைக்கு மாறாக இருந்தது. கேட்கலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மருந்துக்கடைக்காரம்மா கேட்டார், அப்புறம் அந்த ஆள் என்னதான் செய்தான் என்று.

"என்ன செய்வார்?" என்றாள் என் மனைவி. "அதோ, வாயே திறக்காம துணி மடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்."