மேஸ்திரி குடை விரித்தால் மத்தியானம்

பாக்கியம் இருந்தார். காசி இருந்தார். சரோஜா டீச்சர் இருந்தார். பீட்டர் இருந்தார். மண்ணாங்கட்டி இருந்தார். தனலட்சுமி இருந்தார். இவர்கள் ஆறு பேரும் எங்கள் முதியோர் இல்லத்துப் பெரியவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மேரி இருந்தாள். நான் இருந்தேன். எட்டுப் பேர்.

மேஸ்திரியும் இருந்தார். ஆனால் கணக்கில் வரமாட்டார். "எண்ணற ஆளு எண்ணிக்கையில வரமாட்டான்" என்பது அவர் சட்டம்.

மரக்காணத்தில் உப்பள மேஸ்திரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு முதியோர் இல்லத்தையே உப்பளமாக நடத்திக் காட்டியவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். அவருக்கும் ஒரு பேர் இருந்தது. ரிஜிஸ்டரில் இருக்கிறது. யாரும் கூப்பிட்டதில்லை.

மகன்தான் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். "புது எடத்துல மேஸ்திரி வேலைப்பா" என்று சொல்லிக் கூட்டிவந்தானாம். எங்களிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். மேஸ்திரி ஒரு கறுப்புக் குடையோடு இறங்கினார். ஹாலைப் பார்த்தார்.

"எத்தினி பாத்தி?"

"கட்டிலுங்க. ஏழு," என்றேன்.

"வேலைக்கு எத்தினி ஆளு?"

"ரெண்டு பேருங்க. நானும் மேரியும்."

"ஏழு பாத்திக்கு ரெண்டு ஆளா? எவம்மா இந்த ஓனரு?"

மறுநாள் காலை டீக்கு முன்னால் நின்றுகொண்டு பேர் கூப்பிட்டார். கூப்பிட்டால் "வந்தேன்" என்று சொல்ல வேண்டும். காசி கடலில் போனவர். யார் சொல்லியும் கேட்டுப் பழக்கமில்லை.

"நான் எங்கய்யா வந்தேன்? இங்கதான கெடக்கறேன்."

"வந்தேன்னு சொல்லு. டீ வரும்."

காசி கொஞ்ச நேரம் டீயைப் பார்த்தார்.

"வந்தேன்."

பாக்கியத்திடம்தான் வண்டி நின்றது. கைகால் இழுத்துக்கொண்டதிலிருந்து அவருக்கு ஒரு வருஷமாகப் பேச்சில்லை. மேஸ்திரி விடவில்லை. "பாக்கியம்" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். டீயில் ஆடை கட்டும். எல்லோரும் திட்டுவார்கள். மூன்றாம் நாள் பாக்கியம் ஒரு விரலைத் தூக்கினார். அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் எங்களையும் கூப்பிட்டார்.

"நாங்க வேலைக்காரங்க, எங்கள எதுக்கு?" என்று மேரி சிரித்தாள்.

"வேல செய்யற ஆள எண்ணாம வேற யார எண்ணறது?"

அதற்கு முன்னால் என்னை யாரும் எண்ணியதில்லை.

சாப்பாட்டிலும் தலையிட்டார். எல்லோருக்கும் பிரஷர். அதனால் ரசத்தில் உப்பு குறைவு. நுனிநாக்கில் ஒரு சொட்டு வைத்து, பாத்தித் தண்ணீர் போல உப்பை அளப்பார். "மூணு டிகிரி. இருபத்தஞ்சு ஆனாத்தான் உப்பு உக்காரும்." ஜன்னலுக்கு வெளியே மலை மலையாக உப்பு. தட்டில் இல்லை.

"டாக்டர் சொல்லியிருக்காருங்க," என்றேன்.

"டாக்டரு எந்த உப்பளம்?"

ஒருநாள் அவரிடம் கேட்டே விட்டேன். "வேலைன்னு பொய் சொல்லித்தான் உங்களக் கொண்டாந்து விட்டாங்க. தெரியுங்களா?"

"தெரியும். வேலன்னு சொல்லிட்டான். செய்யாம என்ன பண்றது?"



சித்திரை வெயில். காலை ஐந்து மணியிலிருந்து நின்றபடி இருந்தேன். மத்தியானம் பாக்கியத்தை நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. கை நழுவியது. அவரை விடாமல் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன். அவர் என் மடியில் இருந்தார். அடியில்லை. விட்டிருந்தால் இடுப்பு போயிருக்கும்.

மேஸ்திரி பார்த்தார். எழுந்தார். குடையை விரித்து வாசல் நிலையில் மாட்டினார்.

"வெயில் ஏறிடுச்சு. கரையேறுங்க."

"துணி ஊறுதுங்க."

"ஊறட்டும். உச்சி வெயில்ல எவனும் பாத்தியில எறங்கமாட்டான். எறங்கனா மயங்கி உழுவான். ரெண்டு பேரும் படுங்க."

அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் குடை விரியும். இரண்டு மணிக்கு மடங்கும். விரித்திருக்கும்வரை நானும் மேரியும் படுக்க வேண்டும். பெரியவர்களுக்குத்தான் டியூட்டி. சரோஜா டீச்சர் ஒவ்வொரு கட்டில் பக்கமும் தண்ணீர் எடுத்து வைப்பார். காசிக்குக் கண் சரியில்லை, காது கூர்மை. யார் மூச்சு எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். மாறினால் எங்களை எழுப்புவார். சும்மா சும்மா பெல் அடிப்பவர் பீட்டர். தலையணை எங்கே என்று தலையணையில் படுத்துக்கொண்டே அடிப்பார். அவரை அந்த பெல்லுக்கே காவல் போட்டார் மேஸ்திரி. அப்புறம் பெல் சத்தம் இல்லை.

அந்த நேரம் வேறு மாதிரி இருக்கும். ஜன்னலில் உப்பளம் வெள்ளையாக எரியும். பாத்தித் தண்ணீரில் மேகம் நகரும். எது மேலே, எது கீழே என்று தெரியாது. ஓலை போர்த்திய உப்புக் குவியல்கள் தரையை விட்டு எழும்பி மிதக்கும். நானும் மிதப்பேன். கட்டில்கள், டம்ளர்கள், காசியின் காது எல்லாம் மெல்ல நகர்வது போலிருக்கும். குடை மட்டும் அசையாது.

எனக்கு ஒரு பயம் இருந்தது. டியூட்டியில் தூங்கினால் வேலை போய்விடும் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். மேரி பக்கத்துப் பிரம்மதேசத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. எனக்கும் அப்படியே.

மேனேஜர் சொல்லாமல் வந்தது அப்படி ஒரு மத்தியானம். முதலில் சொன்ன எட்டுப் பேரும் அன்றைக்கும் இருந்தோம்.

"என்ன இது? ரெண்டு பேரும் தூங்கறாங்க?"

"மெதுவாப் பேசு சார். ஆளு தூங்குது," என்றார் மேஸ்திரி.

"தூங்கறதுக்கா சம்பளம் குடுக்கறோம்? எழுப்புங்க. இன்னியோட ரெண்டு பேரையும் அனுப்பிடறேன்."

நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பயத்தில் கண்ணைத் திறக்கவில்லை.

"அனுப்பு. அதுக்கு முன்ன ஆளு கரெக்டா இருக்குதா பாத்துக்க."

மேஸ்திரி பேர் கூப்பிட ஆரம்பித்தார். ரகசியம் பேசுவது போல. காசி, ரகசியமாக, வந்தேன். டீச்சர், ரகசியமாக, வந்தேன். பீட்டர், மண்ணாங்கட்டி, தனலட்சுமி.

"பாக்கியம்."

நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும். மேனேஜரும் எதற்கென்று தெரியாமலே காத்திருந்தார்.

"வந்... தேன்."

"ஏ, பாக்கியம் பேசிடுச்சு!" என்று காசி கத்தினார்.

"உஷ்!" என்றார்கள் அத்தனை பேரும்.

"தூங்கறது ரெண்டு. எட்டு," என்று முடித்தார் மேஸ்திரி.

கண்ணை மூடிக்கொண்டு அழுவது கஷ்டம். எல்லாம் மூக்குக்குப் போய்விடும். உறிஞ்சவும் முடியாது.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் தண்ணீர் கொடுத்தார். விடிந்ததிலிருந்து கார் ஓட்டியவர்.

கொஞ்ச நேரத்தில் காசி சொன்னார். "சார் மூச்சு மாறிடுச்சு. தூங்கிட்டாரு."

இரண்டு மணிக்குக் குடை மடங்கியது. மேனேஜர் எழுந்து வாயைத் துடைத்தார். டீ குடித்தார். போர்டில் "மதியம் ஒன்று முதல் இரண்டு வரை ஓய்வு" என்று எழுதினார். கீழே "ஊழியர்களுக்கும்" என்று சேர்த்தார். மூன்றாவதாக ஒரு ஆளும் அனுப்புவதாகச் சொன்னார். அந்த ஆள் இன்னும் வரவில்லை.

மேஸ்திரி ஐப்பசி மழையில் போனார். பாத்தியெல்லாம் நல்ல தண்ணீர். உப்பளத்தில் வேலை இல்லாத மாதம் பார்த்துப் போனார்.

காரியம் முடிந்த மறுநாள் டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் நின்று பேர் கூப்பிட்டேன். வந்தேன், வந்தேன் என்றார்கள். மேரி வரைக்கும் எண்ணி, ஏழு என்று நிறுத்தினேன். எண்ணுகிற ஆள் எண்ணிக்கையில் வரக்கூடாதே.

"ஒரு ஆளு... கொறையுது," என்றார் பாக்கியம்.

மேஸ்திரியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். வாசலில் குடை மாட்டியபடி இருந்தது.

"அஞ்சலை," என்று கூப்பிட்டார் பாக்கியம். காத்திருந்தார்.

"வந்தேன்," என்றேன்.

எட்டு.