திமிங்கிலம் பார்க்கப் போகிறவளுக்கு ஒரு பிளக்ஸ்

சோழபுரம்

மதிப்பிற்குரிய சமுத்திரம் சித்தப்பாவுக்கு மாரிக்கனி எழுதுவது.

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கள். உங்கள் அழைப்பு வந்தாலே அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் பேசுவதைத் தெருவே கேட்கிறது. லடாக் குளிரில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம்; அப்பா மட்டும் தேவைக்கு அதிகமாகவே நலம்.

என் கல்லூரித் தோழி கிருபாபாய் நார்வேயில் வேலை பார்க்கிறாள். கார்த்திகை மாதம் அங்கே மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கறுப்பு வெள்ளைத் திமிங்கிலங்கள் கரைப்பக்கம் வருமாம். ரப்பர் உடுப்பு மாட்டிக் கடலில் இறங்கினால் அவற்றைப் பக்கத்திலேயே பார்க்கலாமாம். "லீவு போட்டுட்டு வா, குளிர்ந்த தண்ணியில மூச்சடக்க மட்டும் பழகிக்கோ" என்றாள். ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்க வெள்ளைத் துணிக்கு பில் போடுகிறவளுக்கு ஆசை வந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன், வீட்டில் சொல்ல வாய் வரவில்லை, விடிந்ததும் நம் தோட்டத்துக் கிணற்றில் முங்கிப் பழகினேன். அந்த நேரம் பார்த்து பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்து, "மாரிக்கனி உங்க பொண்ணா? கேஸ் கீஸ் எதுவும் உண்டா?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். நீங்கள் பட்டாளத்தில் சேருமுன் வந்த விசாரணை அப்பாவுக்கு நினைவு வந்துவிட்டது. போலீஸ்காரரை மேற்கொண்டு பேசவிடாமல் கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கிணற்றடிக்கு ஓடிவந்து, "ஏட்டி, எஸ்.ஐ. செலக்சனுக்கா தயாராவுத? அப்பங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கத்தினார். நான் தண்ணீருக்குள் இருந்தேன். பதில் சொல்ல வசதி இல்லை. தலையைத் தூக்கியபோது அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உங்களோடு ஆள் எடுப்புக்கு வந்து, மார்பளவு போதாமல் திரும்பியவர் அல்லவா? நான் மறுபடியும் முங்கிவிட்டேன்.

அதிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் ஓய்வில்லை. நம் கிணற்றுத் தண்ணீர் குளிரவேயில்லை என்று நான் முணுமுணுத்தது காதில் விழுந்து, அப்பா வண்டியில் சாக்கு சுற்றிய ஐஸ் பாளத்தைக் கொண்டுவந்து தொட்டியில் இறக்கி, "எறங்கு தாயி, எம்புட்டு நேரம் தாங்குதன்னு பாப்போம்" என்கிறார். அம்மா சுக்குத் தண்ணியோடு நின்றபடி, "போலீசுல திருடனப் புடிக்கணுமா, மீனப் புடிக்கணுமா?" என்கிறாள். நான் சட்டென்று முங்கிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்துச் சுடலையம்மாள் மதினி வந்து, "ஏட்டி மாரி, சும்மாதான முங்குத, கெணத்துக்குள்ள எங் கொடம் கெடக்கு, செத்த எடுத்துக் குடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் ஒரு வாளி, ஒரு கொலுசு, யாருடைய மோட்டாருக்கோ உரிய புட்வால்வு. அப்பா ஊரெல்லாம், "எம்மவ வேலையில சேரும் முன்னாலேயே காணாமப்போன சாமானெல்லாம் மீட்டுட்டா" என்று சொல்லி, பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸும் வைத்துவிட்டார். 'வருங்கால எஸ்.ஐ.' என்று என் படம்; மூலையில் யூனிபார்மில் நீங்கள் சல்யூட் அடிக்கிறீர்கள். இப்போதெல்லாம் நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன்.

ஆகவே யோசித்து, திமிங்கிலத்தை விட்டுவிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தபின் வேறு என்ன செய்ய? எஸ்.ஐ. தேர்வுக்கே படிக்கிறேன். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உங்கள் மகள்,
மாரிக்கனி

பின்குறிப்பு: திமிங்கிலத்தை விடவில்லை சித்தப்பா. விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று, திரும்பி வருவதற்கும் சேர்த்து. தீபாவளி லீவுக்கு வரும்போது அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். யூனிபார்மோடு நேரில் வந்து சொன்னால் கேட்பார். தயவுசெய்து போனில் மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்.