ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

“ஆறா, ஏழா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, ஐயா” என்றாள் நர்ஸ், கையிலிருந்த கருவியின் திரையில் விரலை வைத்துக்கொண்டு.

“ஆறரை” என்றார் தையல்காரர் மறுபடியும்.

வலி எவ்வளவு என்று கேட்டால் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். கட்டிலில் கிடந்த மனைவிக்குக் குரல் எழும்பவில்லை. அவர் காதோரம் அவள் முணுமுணுத்தது ஆறரை. அந்தத் திரைக்கோ அரை என்றால் என்னவென்றே தெரியாது.

“பட்டனை எண்ணலாம், சிஸ்டர். ஆறரைப் பட்டன் குடுங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. துணி அப்படியில்ல. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல எங்க வேணும்னாலும் வெட்டலாம். வலி துணி மாதிரி.”

நர்ஸுக்கு இன்னும் பாதி வார்டு பாக்கி. ஏழு என்று தட்டிவிட்டு நகர்ந்தாள்.

ஏழுக்குப் பெரிய ஊசியாம். மனைவி பகல் முழுக்க அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். வெளியூரிலிருந்து மகள் போனில் கூப்பிட்டபோது ஒரு ‘உம்’கூட வரவில்லை. மகள் பயந்துபோய் அழ, அவளைத் தேற்றுவதற்குள் இவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

மறுநாள் உஷாராக ஆறு என்றார். ஆறுக்கு வெறும் மாத்திரைதான். மனைவி தலையணை ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பதறிப்போய்க் கேட்டால், அதே ஆறரைதான் என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. காலையில் ஏழு, மாலையில் ஆறு என்று மாற்றிச் சொன்னால் சராசரி சரியாக வந்துவிடுமே. காலையில் மயக்கம் வந்தது, மாலையில் துடிப்பு வந்தது. ஆறரை மட்டும் வரவேயில்லை.

கடைசியில் டாக்டரையே வழிமறித்து, அரைக்கென்று தனியாக ஒரு மருந்து கேட்டார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் தோளைத் தொட்டு, அவருக்கே ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வார்டே சிரித்தது. “விடுங்களேன்” என்று மனைவியும் சிரிக்கப் பார்த்தாள்.

பக்கத்துக் கட்டில் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வெந்நீர் பிடிக்க வெளியே போனபோது, சுவரைப் பிடித்துக்கொண்டே மெல்லப் பின்னால் வந்தாள்.

“அண்ணே, அக்கா என்கிட்ட பத்துன்னுதான் சொல்றாங்க. நீங்க தாங்க மாட்டீங்கன்னு உங்ககிட்ட மட்டும் குறைச்சுச் சொல்றாங்க. அரையைச் சேத்துச் சொன்னாத்தான் நீங்க நம்புவீங்களாம்.”